நெஞ்சின் மடை

தமிழ் மொழியில் நெஞ்சுக்கு ஓய்வே இல்லை. அஞ்சினால் நெஞ்சு படபடக்கிறது என்கிறோம். துயருற்றால் நெஞ்சு வெடிக்கிறது என்கிறோம். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று பழமொழியே வைத்திருக்கிறோம். வெளியூர் சென்ற மகன் திரும்பக் காலந்தாழ்ந்தால், காரணமின்றி நெஞ்சு அடித்துக்கொள்கிறது, ஏதோ கெட்ட சேதி வரப்போகிறது என்று தாய் வாசலுக்கும் அடுப்படிக்குமாய் நடக்கிறாள். அச்சம், குற்றவுணர்வு, வரவிருக்கும் தீமையின் அறிகுறி ஆகிய மூன்றையும் ஒரே படபடப்பில் கேட்டுப் பழகியவர்கள் நம் மக்கள். உடல்நலம் உள்ளவருக்கு இது மொழியின் அழகு. இதயத்தின் வால்வு பழுதுபட்ட ஒருவருக்கோ இதுவே நாள்தோறும் எழும் பொய்ச்சாட்சி. அத்தகையோருள் நாமும் ஒருவர் என்பதால், இதைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுதத் துணிந்தோம்.

எமது பணித்தளம் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வத்திராயிருப்புப் பக்கம் உள்ளது. கிளைக் கிராமங்களுக்குத் திருப்பலி நிறைவேற்றச் செல்லும் வழியில் பிளவக்கல் அணையின் கரை கண்ணில் படும். பெரியாறு அணை, கோவிலாறு அணை என்று இரண்டு உண்டு. இங்குள்ள பெரியாறு முல்லைப் பெரியாறு அன்று. மலையிலிருந்து இறங்கும் வேறொரு சிற்றாறு. அதன் அணைக்கு முழு உயரம் ஏறக்குறைய 47 அடி. மதகைத் திறந்தால் நீர் கால்வாய் வழியே கண்மாய்களுக்குப் போகிறது. எஞ்சியது அர்ச்சுனா நதியோடு கலந்து வைப்பாற்றை நாடுகிறது. 2025ஆம் ஆண்டில் கைப்பேசிக் காணொளி ஒன்றால் அணையை அடுத்த கூமாபட்டி தமிழகமெங்கும் பெயர் பெற்றது. தண்ணீரைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாய் வந்தார்கள். எமக்கோ தண்ணீரைவிட மதகின் மீதே கண். ஏனெனில் எமது நோயை ஊராருக்கு விளக்க அதைவிட எளிய உவமை எமக்குக் கிடைத்ததில்லை.

இதயத்தில் நான்கு அறைகள். அவற்றின் வாயில்களில் நான்கு வால்வுகள். ஒவ்வொன்றும் ஒருவழி மடை. இரத்தத்தை முன்னே விடும், பின்னே திரும்ப விடாது. கண்மாய் மடையைத் திறக்க ஊரில் நீர்ப்பாய்ச்சி இருக்கிறார். இம்மடைகளுக்கு ஆள் இல்லை. இரத்தத்தின் அழுத்தமே திறக்கிறது, அழுத்தமே மூடுகிறது. நிமிடத்திற்கு எழுபது துடிப்பு என்று கொண்டால் ஒரு நாளைக்கு ஒரு இலட்சம் முறை. இடப்புறத்து மேலறைக்கும் கீழறைக்கும் இடையே உள்ளது ஈரிதழ் வால்வு. 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த உடற்கூற்று அறிஞர் வெசாலியுஸ், அதன் இரண்டு இதழ்களைக் கண்டு ஆயர் அணியும் ‘மைட்டர்’ எனும் கூம்புத் தலையணியை நினைத்தார். அன்று முதல் மருத்துவ உலகில் அதன் பெயர் மைட்ரல் வால்வு. நம் ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஆயரின் தலையணி ஒன்று திறந்து மூடிக்கொண்டிருக்கிறது என்பதை நம் பங்கு மக்களில் எத்தனை பேர் அறிவர்?

எமக்குப் பழுதானது அந்த வால்வேயாகும். சிறுவயதில் ஒரு தொண்டை வலி வந்தது. ஓரிரு வாரங்களுக்குப் பின் காய்ச்சல் கண்டு, முழங்கால் வீங்கியது. அது வடிந்ததும் கணுக்கால், பிறகு மணிக்கட்டு என்று வலி மூட்டுக்கு மூட்டு தாவியது. ருமாட்டிக் காய்ச்சல் என்று இதற்குப் பெயர். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற ஒருவகை நுண்ணுயிர் தொண்டையைத் தாக்குகிறது. அதை எதிர்க்கக் கிளம்பும் உடலின் காவற்படை, ஆள் அடையாளம் தவறி இதய வால்வுகளையும் தாக்கிவிடுகிறது. ஐந்து முதல் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடையே இது மிகுதி. நெருக்கமான வீடுகளிலும், தொண்டை வலிக்கு மருந்து கிட்டாத ஊர்களிலும் இது நின்று நிலைக்கிறது. மூட்டு வலி தழும்பின்றிப் போய்விடும்; வால்வில் மட்டும் தழும்பு தங்கிவிடும். ஆண்டுகள் செல்லச் செல்ல இதழ்கள் தடித்து, ஓரங்கள் ஒட்டி, நான்கு முதல் ஆறு சதுர சென்டிமீட்டர் அகலம் இருக்க வேண்டிய மடை ஒன்றரைக்கும் கீழே சுருங்கலாம். முன்னே போக இயலாத இரத்தம் மேலறையில் தேங்குகிறது, அறை புடைக்கிறது, புடைத்த அறையின் சுவரில் மின்னோட்டம் தறிகெட்டு ஓடத் தொடங்குகிறது. அதுவே படபடப்பு.

எமக்கு முப்பது வயதைக் கடந்தபின் பலூன் சிகிச்சை செய்தார்கள். தொடை நரம்பின் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, வால்வின் நடுவே சிறு பலூனை ஊதி, ஒட்டிய இதழ்களைப் பிரிக்கும் முறை அது. ஜப்பானிய மருத்துவர் கன்ஜி இனோவே 1982இல் கண்டது. நெஞ்சைப் பிளக்காமலே மடை ஓரளவு திறந்தது, மூச்சிரைப்பு குறைந்தது. படபடப்பு மட்டும் எம்மைவிட்டு முழுதும் விலகவில்லை.

அது எப்படியிருக்கும் என்று கேட்பவர்களுக்குச் சத்திரப்பட்டியைச் சொல்வோம். இராஜபாளையத்துக்கு அருகே பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகள் நிறைந்த ஊர் அது. தெருவில் நடந்தால் எல்லாத் தறிகளின் ஓசையும் ஒரே தாளமாய்க் காதில் விழும். திடீரென ஒரு தறி தாளம் தப்பி, இரண்டு அடி விரைந்து, ஓர் அடி விட்டு, மீண்டும் மூன்று அடி விரைந்தால் எப்படியிருக்கும்? அந்தத் தறி நம் விலாவுக்குள் இருந்தால் எப்படியிருக்கும்? இரவு இரண்டு மணிக்கு, இடப்பக்கம் சாய்ந்து படுத்திருக்கையில், தலையணையே துடிப்பது போலக் கேட்கும். உடனே அச்சம் எழும். அச்சம் எழுந்ததும் துடிப்பு இன்னும் விரையும். எதற்காக அஞ்சினோம் என்று மனம் காரணம் தேடும். தேடினால் கிடைக்காமற் போகுமா? அன்று ஒருவரிடம் பேசிய கடுஞ்சொல், எழுதாத மடல், பார்க்கத் தவறிய நோயாளி என ஒவ்வொன்றாய் வந்து நிற்கும். உடலின் ஒரு பழுது, அரை மணி நேரத்தில் மனச்சான்றின் விசாரணையாகிவிடும்.

இவ்விடத்தில் எமக்கு உதவியவர் புனித தோமா அக்குவினாஸ். குருமடத்தில் அவருடைய பெருநூல்களைப் படித்தவர்களிலும் பலர் அறியாத ஒரு சிறுநூல் உண்டு. பிலிப்பு என்னும் மருத்துவருக்கு அவர் இதயத்தின் அசைவைக் குறித்து எழுதிய மடல் அது. கையை அசைப்பது போல் நாம் இதயத்தை நம் விருப்பத்தால் அசைப்பதில்லை, அதன் அசைவு இயற்கையானது என்று அதில் நிறுவுகிறார். வில்லியம் ஹார்வி இரத்த ஓட்டத்தை விளக்கி நூல் வெளியிட்ட 1628ஆம் ஆண்டுக்கு ஏறக்குறைய மூன்றரை நூற்றாண்டு முன்னரே, நாடியும் துடிப்பும் ஒரு இறையியலாரின் சிந்தனைக்கு உரியனவாயிருந்தன. ஆன்மாவின் உணர்ச்சிகள்தாம் இதயத்தில் மாற்றம் விளைவிக்கின்றன, இதயத்தின் மாற்றங்கள் உணர்ச்சிகளை விளைவிப்பதில்லை என்பதும் அவர் கருத்து.

முதல் கருத்தை நாம் நன்றியோடு ஏற்கிறோம். விருப்பத்துக்குக் கட்டுப்படாத அசைவுக்கு விருப்பம் எப்படிப் பொறுப்பாகும்? பொறுப்பில்லாத இடத்தில் குற்றம் ஏது? ஒப்புரவு அருட்சாதனத்தில் அமர்ந்து பிறருக்கு நாம் சொல்லிவந்த அடிப்படை இதுவன்றோ! இரண்டாம் கருத்தில் மட்டும், எமது நோயின் பெயரால், அப்புனிதரிடம் பணிவுடன் ஒரு விண்ணப்பம் வைக்கிறோம். வால்வு நோயாளிக்கு வரிசை தலைகீழ். முதலில் துடிப்பு, பின்னரே அச்சம். வரிசையை அறிந்துகொண்ட நாள்முதல் இரவுகள் எமக்கு எளிதாயின. படபடப்பு வந்தால் எழுந்து உட்காருவோம். மணிக்கட்டில் விரல் வைத்து, கடிகாரம் பார்த்து ஒரு நிமிடம் எண்ணுவோம். எண்ணிக்கையைக் குறிப்பேட்டில் எழுதுவோம். மூச்சை மெதுவாக விடுவோம். ‘இது மடையின் சத்தம்’ என்று எமக்கு நாமே சொல்லிக்கொள்வோம். மனச்சான்றை ஆராயும் வேலையைக் காலை வெளிச்சத்துக்கு ஒத்தி வைப்போம். பகலில் ஆராய்ந்தால், இரவில் மலையாய் நின்றவற்றில் பல கூழாங்கற்களாகி இருப்பதைக் கண்டிருக்கிறோம்.

பக்தியின் பக்கமிருந்தும் தவறான பொருள் வரக்கூடும். ஒரு பெருவிழாத் திருப்பலியில் திருக்கிண்ணத்தை உயர்த்திய வேளை படபடப்பு எழுந்து, பீடத்தைப் பற்றிக்கொண்டு சற்று நின்றோம். அன்று மாலை, “சாமி எப்படி உருகிப் பூசை வச்சாக, பாத்தீங்களா?” என்று இரு மூதாட்டியர் பேசிக்கொண்டது எம் காதில் விழுந்தது. சிரிப்பும் வந்தது; கூச்சமும் வந்தது. புனித பிலிப்பு நேரியின் வரலாறு நினைவுக்கு வந்தது. 1544ஆம் ஆண்டு தூய ஆவியாரின் பெருவிழாவை ஒட்டி, உரோமை நகரின் சுரங்கக் கல்லறையில் செபித்தபோது அவர் நெஞ்சில் ஒரு பேரனல் புகுந்ததாகவும், அது முதல் செப வேளைகளில் அவருடைய இதயம் பலமாய்த் துடித்ததாகவும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். எமது நிலை அதுவன்று. ஆயினும் அவ்வரலாற்றின் முடிவு எமக்குப் பாடமானது. 1595 மே 26இல் அவர் இறந்தபின் மருத்துவர்கள் அவருடைய மார்பைத் திறந்து பார்த்தார்கள். இதயத்தின் மேல் இரு விலா எலும்புகள் முறிந்து வெளிப்புறமாய் வளைந்திருந்ததைப் பதிவு செய்தார்கள். இறையன்பின் அடையாளம் என்று ஊரே நம்பிய நெஞ்சையும் மருத்துவர் கண்ணுக்கு மறைக்க வேண்டியதில்லை என்று அன்றைய உரோமை கருதியது. அப்படியிருக்க, நம் வீட்டுப் பிள்ளைகளின் நெஞ்சை மறைப்பானேன்?

மறைக்கிறார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன், பதினைந்து வயது மகளை அழைத்துக்கொண்டு ஒரு தாய் வந்தார். அவ்வீட்டாரின் இசைவோடு, அடையாளம் நீக்கிச் சொல்கிறோம். “சாமி, பிள்ளைக்குப் பயம் புடிச்சிருக்கு. சும்மா உக்காந்திருந்தாலும் நெஞ்சு படபடன்னு அடிக்குதுங்குறா. மந்திரிச்சு எண்ணெய் குடுங்க.” இருட்டில் மலைப் பாதையில் வந்தாள், அன்றிலிருந்துதான் என்றும் காரணம் சொன்னார். நாம் செபித்தோம், எண்ணெயும் கொடுத்தோம். பின்பு பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணினோம். அது இசைந்து ஓடவில்லை. “சின்ன வயசுல காய்ச்சலோட மூட்டு மூட்டா வீங்குச்சாம்மா?” என்று கேட்டோம். தாய் வியந்து பார்த்தார். மறுநாளே அரசு மருத்துவமனைக்கு அனுப்பினோம். எக்கோ பரிசோதனையில் ஈரிதழ் வால்வு தடித்திருப்பது தெரிந்தது. அப்பிள்ளை கோழையல்லள். அவளை ஒருவரும் பயமுறுத்தவில்லை. நான்கு மாதமாய்ப் பயந்தாங்கொள்ளி என்று வீட்டில் ஏச்சு வாங்கியதுதான் மிச்சம்.

எல்லாப் படபடப்பும் வால்வு நோயன்று. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். இரத்தச் சோகை, தைராய்டு, காய்ச்சல், உறக்கமின்மை, மிதமிஞ்சிய காபி, மெய்யான மனக்கவலை ஆகிய எதனாலும் வரலாம், பெரும்பாலும் தீங்கற்றது. எது என்று சொல்ல வேண்டியவர் மருத்துவர்; குருவும் அல்லர், மந்திரிப்பவரும் அல்லர். ஆனால் படபடப்போடு மூச்சு முட்டினால், மயக்கம் வந்தால், நெஞ்சு வலித்தால், ஒரு பக்கக் கையோ காலோ சோர்ந்து பேச்சுக் குழறினால், விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. 108ஐ அழைக்க வேண்டும். தாளம் தப்பிய மேலறையில் தேங்கும் இரத்தம் கட்டியாகி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வரும். அதைத் தடுக்கவே எம் போன்றோர் வார்ஃபரின், அசினோகூமரால் போன்ற இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளை உண்கிறோம். அளவு குறைந்தால் கட்டி. மிகுந்தால் இரத்தக் கசிவு. ஆகவே ஐ.என்.ஆர். என்ற பரிசோதனையை முறையாகச் செய்து, எமக்கு இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே நிறுத்துகிறார்கள். கீரையை அறவே விடவேண்டியதில்லை. ஒரு வாரம் நாள்தோறும் உண்டு மறுவாரம் தொடாதிருப்பதே அளவைக் குலைக்கும். பரிசோதனை தேவைப்படாத புதிய மாத்திரை உண்டே என்று சிலர் கேட்கிறார்கள். ருமாட்டிக் வால்வு நோயோடு இத்தகைய தாளப் பிழை உள்ள நான்காயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோரை 24 நாடுகளில் ஆராய்ந்து 2022இல் வெளியான முடிவு, புதிய மருந்தான ரிவராக்சபானைவிடப் பழைய மாத்திரை உண்டோரிடையே இறப்பு குறைவு என்று காட்டியது. எனவே மருந்தை மாற்றுவது மருத்துவர் பொறுப்பு. பக்கத்து வீட்டார் பொறுப்பன்று.

வால்வு மிகவும் கெட்டுவிட்டால் மாற்றிப் பொருத்துவதும் உண்டு. 1960இல் அமெரிக்காவின் போர்ட்லாண்டில் அறுவை மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டாரும் பொறியாளர் லோவெல் எட்வர்ட்சும், கூண்டுக்குள் பந்து வைத்த வால்வை ஈரிதழ் வால்வின் இடத்தில் பொருத்தி வெற்றி கண்டனர். எட்வர்ட்ஸ் நீர்விசைப் பொறிகளில் தேர்ந்தவர். இளமையில் ருமாட்டிக் காய்ச்சல் கண்டவர். நீர் மடையை அறிந்த ஒருவர் நெஞ்சின் மடையைச் செய்தார் என்பது எமக்குப் பெருமகிழ்ச்சி. நம் பக்கத்திலும் இது நிகழ்ந்தது. செங்கோட்டைக் கணவாயைத் தாண்டினால் கேரளம். அங்கே திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா திருநாள் நிறுவனத்தில் மருத்துவர் வலியத்தான் தலைமையில் இந்திய வால்வு ஒன்றை உருவாக்க முயன்றனர். மூன்று மாதிரிகள் தோற்றன. நான்காவதை 1990 டிசம்பர் 6 அன்று முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தினர். இறக்குமதி வால்வின் விலைக்கு எட்டாதிருந்த எளியோருக்கு அது வழி திறந்தது. இதுவரை ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதைப் பெற்றுள்ளனர். இன்று தமிழக அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் வால்வு அறுவைக்கு இடமுண்டு.

ஆனால் அறுவையைவிட மலிவானது ஓர் ஊசி. தொண்டையில் அந்நுண்ணுயிர் மீண்டும் புகுந்தால் வால்வு மேலும் கெடும். புகாதிருக்க, 21 நாளுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி. வால்வு பழுதுபட்டோர்க்குப் பெரும்பாலும் நாற்பது வயது வரை, சிலருக்கு அதற்கு மேலும். வலிக்கிற ஊசிதான். அதனினும் வலிப்பது ஊரார் பேச்சு. மேற்சொன்ன பிள்ளைக்கு வரன் பார்க்கத் தொடங்கியபோது தாய் மறுபடி வந்தார். “ஊசி போடுற பிள்ளைன்னு தெரிஞ்சா யாரு சாமி கட்டுவா? கல்யாணம் முடியுற வரைக்கும் நிப்பாட்டிக்கிறோம்” என்றார். எமக்குத் திடுக்கிட்டது. ஏனெனில் இந்நோயுள்ள பெண் கருவுறும்போது இரத்தத்தின் அளவு பெருகிப் பழுதான மடைக்குச் சுமை கூடுகிறது. சிலருக்கு உயிருக்கே இடராகும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகள் சில கருவிலுள்ள சிசுவுக்குத் தீங்கு செய்யும். முன்கூட்டியே மருத்துவர் அறிந்திருந்தால் இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு வழி உண்டு. மறைத்து நடத்தும் திருமணத்தில் முதலில் கைவிடப்படுவது அந்த வழியே.

அத்தாயிடம் நாம் மறையுரை ஆற்றவில்லை. எமது மாத்திரைப் பெட்டியையும், நாடி எண்ணிக்கை எழுதிய குறிப்பேட்டையும், ஐ.என்.ஆர். சீட்டுகளையும் மேசையில் எடுத்து வைத்தோம். “எனக்கும் இதே வியாதிதாம்மா” என்றோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. மகள்தான் குறிப்பேட்டைப் புரட்டினாள். “சாமிக்கும் ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் வருமா?” என்று கேட்டாள். ஆம் என்றோம். அவள் முகத்தில் அப்போது தோன்றிய தெளிவை மறக்க இயலாது. தன் படபடப்பு தன்னுடைய குணமன்று, பயமன்று, எவரோ வைத்த சூனியமன்று, வேறொருவருக்கும் உள்ள ஒரு நோய் என்று அவள் அறிந்துகொண்டாள்.

முதலில் வந்த வரன் வீட்டார் செய்தி கேட்டு விலகினர். வீட்டில் சில நாள் அழுகை இருந்தது. அடுத்து வந்தவர்களிடம் அப்பெண்ணே வாய் திறந்து சொன்னாள். அவர்கள் மருத்துவரைச் சந்தித்துப் பேசிவிட்டு, இன்னும் முடிவு சொல்லவில்லை. முடிவு எதுவாயினும் ஊசி நிற்காது என்று தாய் வாக்களித்திருக்கிறார். ஆண்டு தொடக்கத்தில் பங்கில் கொடுக்கும் திருவழிபாட்டு நாள்காட்டி அவ்வீட்டுச் சுவரில் தொங்குகிறது. அதில் ஞாயிறுகளையும் புனிதர்களின் விழாக்களையும் தாண்டி, 21 நாளுக்கு ஒன்றாய் நீல மையில் வட்டங்கள் காண்கிறோம். உங்கள் தெருவிலும் மூட்டு வீங்கிய காய்ச்சலோடு ஒரு பிள்ளை இருக்கலாம். நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்று சொல்லி ஏச்சு வாங்கும் ஒரு பெண் இருக்கலாம். அவர்களுக்காகச் செபியுங்கள், செபித்த கையோடு மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள்.